கண்ணில் அடைப்பு, ரத்தத்தில் காரணம்

நாற்பது வயதாகும் முன்பே ஒரு கண்ணில் பார்வை குறைந்துவிட்டது என்று சொன்னால், கேட்பவர் அடுத்துக் கேட்பது "சர்க்கரையா, பிரஷரா?" என்பதுதான். இரண்டும் இல்லை, ரத்தம் உறைவதில் கோளாறு என்று நான் பதில் சொன்னால், அதைத் தனி நோயாகவும் கண்ணைத் தனி நோயாகவும் எடுத்துக்கொண்டு, ஒருத்திக்கே இரண்டும் வர வேண்டுமா என்று வருத்தப்படுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மருத்துவமனைகளிலேயே இவை வேறு வேறு கட்டடங்களில், வேறு வேறு சீட்டுகளில்தான் இருக்கின்றன. எனக்கு வந்தது ஒரே நோய். ரத்தத்தில் இருந்த அந்த நோய் கண்ணில் வெளிப்பட்டது. மருத்துவர்களிடம் துருவிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை, என்னைப் போன்ற நிலையில் திடீரென்று வந்து நிற்பவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் இடது கண்ணில் ஏற்பட்டது விழித்திரையின் மையச் சிரை அடைப்பு. ஒரு காலைப்பொழுதில் அந்தக் கண்ணால் பார்த்தபோது எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. வலியும் இல்லை, சிவப்பும் இல்லை, நீர் வடியவும் இல்லை. அருகிலிருந்த ஒரு கண் மருத்துவமனையில், கணினியை அதிகம் பார்ப்பதால் வந்த களைப்பு என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். மருந்து விட்டுக் கண்மணியை விரித்து உள்ளே பார்க்கவில்லை. சில நாட்களில் பார்வை மேலும் இறங்கிய பிறகு விழித்திரை நிபுணர் ஒருவரிடம் சென்றேன். அவர் கண்மணியை விரித்துப் பார்த்தபோது விழித்திரையின் நான்கு பக்கமும் ரத்தக் கசிவு இருந்தது. இளம் வயதினர் எவருக்கும் பார்வை வலியில்லாமல் திடீரென்று குறைந்தால், கண்மணியை விரித்துப் பார்க்காத பரிசோதனையைப் பரிசோதனையாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விழித்திரையின் ரத்தம் பல கிளைகளில் சேர்ந்து, கடைசியில் ஒரே ஒரு மையச் சிரை வழியாகத்தான் வெளியேறுகிறது. உள்ளே ரத்தம் கொண்டுவரும் மையத் தமனியும் அந்தச் சிரையும் பார்வை நரம்பின் நடுவில், சல்லடைத் துளைகள் கொண்ட ஒரு தட்டின் வழியாக, ஒன்றையொன்று ஒட்டியபடி செல்கின்றன. மிகவும் குறுகலான இடம் அது. அங்கே ரத்தம் உறைந்து சிரை அடைபட்டால், வடிமடை அடைந்த வயலில் நீர் தேங்குவதுபோல் விழித்திரை முழுவதும் ரத்தம் தேங்குகிறது, நுண்குழாய்கள் கசிகின்றன, கூர்மையான பார்வைக்குரிய நடுப்பகுதியான மாக்குலா வீங்கிவிடுகிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது வருவது அரிதன்று. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா ஆகியவை அதற்கு வழி வகுக்கின்றன. தடித்துப்போன தமனி பக்கத்திலுள்ள மெல்லிய சிரையை அழுத்துகிறது. என் வயதில் தமனி அப்படித் தடித்திருக்க வாய்ப்பில்லை. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வகுத்த சிந்தனையைத்தான் இன்றும் மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள்: குழாய்க்குள் ரத்தம் உறைகிறது என்றால் ஓட்டம் தளர்ந்திருக்க வேண்டும், அல்லது குழாயின் சுவர் பழுதாகியிருக்க வேண்டும், அல்லது ரத்தமே மாறியிருக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் சான்று கிடைக்காதபோது மூன்றாவதைத் தேட வேண்டியிருக்கிறது.

ரத்த உறைவுக் கோளாறுகளில் கண்ணுக்கு ஒரு தனி இடம் உண்டு. உடலை அறுக்காமல், சாயம் செலுத்தாமல், ஓடிக்கொண்டிருக்கும் தமனியையும் சிரையையும் நேரடியாகக் காணக்கூடிய இடம் விழித்திரை. 1851இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்திய நாளிலிருந்து மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தி வருகிறார்கள். காலிலோ குடலிலோ ஒரு சிறு சிரையில் ரத்தம் உறைந்தால் நமக்குத் தெரியாமலே போகலாம். கண்ணில் அதே அளவு உறைந்தாலும் அன்றே தெரிந்துவிடும்.

என் கண்ணைப் பார்த்து முடித்ததும் அந்த நிபுணர் கேட்டவற்றில் பெரும்பகுதி கண்ணைப் பற்றியது அன்று. கால் எப்போதாவது திடீரென்று வீங்கியிருக்கிறதா, குடும்பத்தில் இளம் வயதில் யாருக்காவது பக்கவாதம் வந்திருக்கிறதா, மூட்டு வலி உண்டா, முகத்தில் தடிப்பு வருமா, மாதவிடாய்க்காக ஏதேனும் மாத்திரை சாப்பிட்டீர்களா, கரு கலைந்திருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு என் கணவர்தான் பதில் சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐந்தாம் மாதத்தில் எங்கள் குழந்தையின் துடிப்பு வயிற்றிலேயே நின்றுபோயிருந்தது. "சில பேருக்கு அப்படி ஆவதுண்டு" என்பதற்கு மேல் அப்போது மருத்துவமனையில் யாரும் காரணம் சொல்லவில்லை; வீட்டில் கிரகணத்தையும் தோஷத்தையும் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் இதையெல்லாம் எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் சந்தேகித்தது ஆன்டிபாஸ்போலிபிட் சின்ட்ரோம் என்ற நோயை.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய எதிர்ப்புப் புரதங்கள், நம் உடலிலேயே உள்ள சில புரதங்களுக்கு எதிராகத் திரும்பும் நோய் இது. செல்களின் சவ்விலுள்ள பாஸ்போலிபிட் எனும் கொழுப்புப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும் புரதங்கள்தான், குறிப்பாக பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்-1, அவற்றின் இலக்கு. இதனால் தமனி, சிரை இரண்டிலுமே ரத்தம் உறையலாம். கால் சிரையில் உறையலாம். மூளைத் தமனியில் உறைந்து இளம் வயதிலேயே பக்கவாதம் வரலாம். நஞ்சுக்கொடி பாதிக்கப்பட்டுக் கரு நிலைக்காமல் போகலாம். விழித்திரையில் அடைப்பு வரலாம். தனித்தனியாகத் தெரிந்த இந்தத் துண்டுகள் ஒரே நோயின் பகுதிகள் என்பதை லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் 1983இல் எடுத்துக்காட்டினார். சிலருக்கு இது, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயோடு சேர்ந்து வருகிறது, சிலருக்குத் தனியாகவே வருகிறது. எனக்குத் தனியாகத்தான் வந்திருக்கிறது.

இதைக் கண்டறிய மூன்று ரத்தப் பரிசோதனைகள் செய்கிறார்கள்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீனுக்கு எதிரான புரதம். முதல் பரிசோதனையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இந்த நோயாளியின் ரத்தம் சோதனைக் குழாயில் உறைவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. அதே ரத்தம் உடலுக்குள் எளிதில் உறைந்துவிடுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன், ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்க எடுக்கும் சாதாரண ஏ.பி.டி.டி. பரிசோதனையில் நேரம் நீண்டிருப்பதைப் பார்த்து, இவருக்கு ரத்தம் கசியும் அபாயம் உள்ளது என்று எழுதிவிட்டு, உண்மையான அபாயத்தைக் கவனிக்காமல் விட்டுவிட வாய்ப்பிருப்பதாக என் ரத்தவியல் மருத்துவர் சொன்னார். ஒரு முறை பாசிட்டிவ் என்று வந்தால் மட்டும் போதாது. சில தொற்றுகளுக்குப் பிறகும் இந்தப் புரதங்கள் தற்காலிகமாகத் தோன்றி மறையும். ஆகவே குறைந்தது 12 வாரங்கள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளி மனத்துக்கு மிகவும் கடினமானது. நோய் இருக்கிறதா என்பது உறுதியாகாமலே அதற்கான மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். இப்படிப்பட்ட நோயாளி இரண்டு கேள்விகளோடு அலைகிறார்: போன பார்வை திரும்புமா, ரத்தம் ஏன் உறைந்தது? முதல் கேள்விக்குக் கண் மருத்துவரும் இரண்டாவதற்கு ரத்தவியல் மருத்துவரும் பொறுப்பு. ஒன்றுக்குக் கிடைக்கும் பதில் மற்றொன்றுக்குப் பதிலாகாது. ரத்தம் உறையாமலிருக்க நான் சாப்பிடும் மாத்திரை இடது கண்ணின் பார்வையைத் திருப்பித் தராது. அது வலது கண்ணையும் மூளையையும் காப்பதற்காக. கண்ணுக்குள் போடும் ஊசி மாக்குலாவின் வீக்கத்தை வடிக்கும். ரத்தம் வேறோர் இடத்தில் உறைவதை அது தடுக்காது. இந்த வேறுபாடு புரியாமல், பார்வை தேறவில்லையே என்று ரத்த மாத்திரையை நிறுத்திவிடுபவர்களும், மாத்திரைதான் சாப்பிடுகிறோமே என்று கண் ஊசியைத் தவிர்ப்பவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து.

கண்ணில் அடைப்பு வந்த எல்லோருக்கும் ரத்தத்தில் அரிய கோளாறைத் தேட வேண்டுமா என்றால், தேவையில்லை என்பதே பொதுவான மருத்துவக் கருத்து. அறுபது வயதில் ரத்தக் கொதிப்போடு வருபவருக்குப் பெரும்பாலும் அந்தக் கொதிப்பே காரணம். வயது குறைவாக இருந்து வழக்கமான காரணம் எதுவும் அகப்படாதபோதும், இரண்டு கண்களிலும் வரும்போதும், முன்பே வேறு இடத்தில் ரத்தம் உறைந்திருந்தாலோ கரு கலைந்திருந்தாலோ குடும்பத்தில் அப்படி வரலாறு இருந்தாலோதான் தேடல் பொருளுள்ளதாகிறது. ஆனால் ஆய்வுக்கூடங்கள், ரத்தம் எளிதில் உறையும் போக்கைத் தேடும் பரிசோதனைகளை "த்ராம்போபிலியா புரொஃபைல்" என்று ஒரு கட்டாகச் சேர்த்து, கணிசமான விலைக்கு விற்கின்றன. அதில் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகிய மூன்றும் இருக்கும். இவை ரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் இயற்கைக் கடிவாளங்கள். பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இளம் வயதில் ரத்தம் உறையும். ஆனால் எப்போது அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறிவிடும். புதிதாக ரத்தம் உறைந்திருக்கும் நாட்களில் இவை செலவாகிக் குறைந்து காட்டலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடும்போது சியும் எஸ்ஸும் குறையும். அதே வேலைக்காகப் போடும் ஹெப்பாரின் ஊசி ஆன்டித்ராம்பினைக் குறைக்கும். கர்ப்பத்தில் எஸ் இயல்பாகவே இறங்கும். அவசரப் பிரிவில் படுத்திருக்கும்போது எடுத்த அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு, பிறவிக் குறைபாடு என்று ஒரு குடும்பத்தையே கலங்கடிப்பது நியாயமில்லை.

அதே கட்டில் ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்ற மரபணுப் பரிசோதனையும் இருக்கும். நெதர்லாந்தின் லைடன் நகரில் 1994இல் கண்டறியப்பட்ட இந்த மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரிடையே சாதாரணமாகக் காணப்படுவது, தென்னிந்தியர்களிடம் அரிது. நம் ஊரில் இதைவிட முதலில் பார்க்க வேண்டியது ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் அளவு என்று எனக்குத் தோன்றுகிறது. அது ரத்தத்தில் கூடினால் குழாய்ச் சுவர் கெட்டு உறையும் போக்கு அதிகரிக்கிறது. வைட்டமின் பி12, ஃபோலேட் குறைந்தால் ஹோமோசிஸ்டீன் ஏறும். பி12 தாவர உணவில் கிடைப்பதில்லை என்பதால் நெடுநாள் சைவ உணவு உண்பவர்களிடம் இந்தக் குறை பரவலாக உள்ளது. மையச் சிரை அடைப்பு வந்த இந்திய நோயாளிகளிடம் ஹோமோசிஸ்டீன் கூடியிருப்பதைச் சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். வைட்டமின் கொடுத்து அந்த அளவை இறக்கினால் அடைப்பு வருவது குறையுமா என்பது வேறு விவாதம். ஆனாலும் பி12 குறைவு எப்படியும் சரிசெய்ய வேண்டிய ஒன்று; மருந்தும் மலிவு.

ஹோமோசிஸ்டீன் கூடுவதன் கடுமையான பிறவி வடிவம் ஹோமோசிஸ்டினூரியா. 1962இல் வட அயர்லாந்தில் விவரிக்கப்பட்ட இந்த நோயில், ஒரு நொதி குறைபட்டு ஹோமோசிஸ்டீன் மிக அதிகமாகச் சேர்கிறது. கண்ணின் லென்ஸைத் தாங்கும் நுண்ணிழைகள் தளர்ந்து லென்ஸ் இடம் விலகும், பெரும்பாலும் கீழ்நோக்கி. குழந்தைக்குக் கிட்டப்பார்வை வேகமாக ஏறுவதும் ஓர் அறிகுறி. ரத்தம் உறைந்து ஆபத்து நேர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண் இப்படி அறிவித்துவிடுகிறது. கண் மருத்துவர் அதைப் படித்தறிந்து சிறுநீரையும் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். விலகிய லென்ஸை எடுக்க மயக்க மருந்து கொடுக்கும் நேரத்திலேயே ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால், நோயை அறியாமல் அறுவை சிகிச்சையில் இறங்குவது ஆபத்தாகிவிடும். இந்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சாதாரண பி6 மாத்திரையே பலன் தருகிறது.

புரோட்டீன் சி இரு பெற்றோர் வழியாகவும் குறைபட்டுப் பிறக்கும் குழந்தைகளின் நிலை மிகக் கொடியது. பிறந்த சில மணி நேரங்களில் அல்லது நாட்களில் தோலில் கருநீலத் திட்டுகள் தோன்றி அழுகத் தொடங்கும். கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, கண்மணி வெள்ளையாகத் தெரியும்; சில குழந்தைகளுக்குக் கருவறையிலேயே அது நடந்து முடிந்திருக்கும். வெள்ளைக் கண்மணி என்றதும் கண் புற்றும் பிறவிக் கண்புரையும் நினைவுக்கு வருவது சரிதான்; தோலில் திட்டும் சேர்ந்திருந்தால் ரத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உடனே பிளாஸ்மா ஏற்றி உயிரைக் காக்கிறார்கள். புரோட்டீன் சி மருந்தாகவே தயாரிக்கப்பட்டு அமெரிக்காவில் 2007இல் அனுமதி பெற்றது, ஆனால் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. பெற்றோர் இருவருக்கும் பாதி அளவு புரதம் இருப்பதால் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரிந்திருக்காது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணமுடிக்கும் நம் குடும்பங்களில், ஒரே குறைபட்ட மரபணு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால் அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது கட்டாயம்.

விழித்திரையில் எந்த அடைப்பும் இல்லாமல், மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்தும் பார்வை போகலாம். தமிழ்நாட்டில் இதைப் பற்றி நாம் அதிகம் பேசியிருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு வரும் மூளைச் சிரை அடைப்பு நம் மருத்துவமனைகளுக்கு நெடுநாள் பழக்கமான நோய்; மதுரையைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளையின் ரத்தக் குழாய்கள் அடைபட்ட 135 பெண்களைப் பற்றி 1983இல் விரிவாக எழுதினார். கர்ப்பமும் பிரசவமும் இயல்பாகவே ரத்தத்தை உறையும் பக்கம் சாய்க்கின்றன. குழந்தை பிறந்த பிறகும் ஆறு வாரங்கள் வரை அந்தச் சாய்வு இருக்கும். அந்த நேரத்தில்தான் பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று செம்பை ஒளித்து வைக்கிறோம். ரத்தசோகையும் நீர்வற்றலும், யாரும் அறியாத ஒரு பிறவிக் குறைபாடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் காலத்து வார்டுகளே சாட்சி. பத்தியத்தில் நல்லதும் இருக்கலாம். தண்ணீரைக் குறைப்பதில் நல்லது எதுவும் இல்லை.

இந்த அடைப்பால் மண்டைக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பின் முனை வீங்குகிறது. விடாத தலைவலி, குனிந்து நிமிரும்போது சில விநாடிகள் கண் இருண்டு தெளிவது, பக்கவாட்டில் பார்க்கும்போது இரண்டிரண்டாகத் தெரிவது ஆகியவை அடையாளங்கள். "பிரசவம் ஆன உடம்பு, தூக்கம் இல்லை, தலை வலிக்கத்தான் செய்யும்" என்று வீட்டார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நரம்பு வாடி, பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடும். சிரைகளைக் காட்டும் எம்.ஆர். வீனோகிராம் எடுத்தால் தெரிந்துவிடும். ஹெப்பாரின் ஊசியும் அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையும் உரிய நேரத்தில் தொடங்கினால் பலர் நன்றாகத் தேறுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளும் இதே அடைப்புக்கு வழி செய்யும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரையையும், தமக்கோ குடும்பத்திலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ள பெண்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

தமனி அடைபடுவது சிரை அடைப்பைவிடக் கடுமையானது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோகன் சிங் ஹேரே குரங்குகளில் நடத்திய சோதனைகளில், மையத் தமனி முழுதாக அடைபட்டு ஏறத்தாழ 240 நிமிடங்கள் ஆனபோது விழித்திரை மீளாத அளவுக்குச் சேதமடைந்தது. ஆகவே ஒரு கண் சில நிமிடங்கள் முழுதாக இருண்டு தானாகவே தெளிந்தால், தெளிந்துவிட்டதே என்று விடக் கூடாது. அது பக்கவாதத்துக்குரிய அவசரம். செல்ல வேண்டிய இடம் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு. கண்ணாடிக் கடைக்குப் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது.

என் கண்ணுக்குச் செய்த சிகிச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாக்குலா வீக்கத்தை, விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் அளந்து, கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். பெவாசிசுமாப், ராணிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் போன்ற மருந்துகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது புற்றுநோய்க்காக வந்தது, சிறு அளவுகளாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுவதால் செலவு மிகவும் குறைகிறது. ஊசி என்றதும் வரும் பயம் போட்டுக்கொள்ளும்போது இருப்பதில்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டுவிடுகிறார்கள். ஊசியைவிட, அது ஒரு முறையோடு முடிவதில்லை என்பதுதான் சோர்வு தருகிறது. விழித்திரையின் பெரும்பகுதிக்கு ரத்தம் கிடைக்காமல் போயிருந்தால் வேறோர் ஆபத்தும் உண்டு: கண்ணின் முன்பகுதியில் தேவையற்ற புதுக் குழாய்கள் முளைத்து, அழுத்தம் ஏறி, கண்ணே வலியோடு குருடாகலாம். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் வருவதால் மருத்துவர்கள் இதை நூறு நாள் கிளாக்கோமா என்பார்கள். பார்வை மாறவில்லையே, எதற்கு மாதாமாதம் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் இது.

ரத்தத்துக்கான மருந்தோ வாழ்நாள் முழுவதும். எனக்கு வார்ஃபரின் வகையைச் சேர்ந்த அசெனோகூமரால் தந்திருக்கிறார்கள், ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் கசியும். அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் இருக்கும்போது இந்தப் பழையது எதற்கு என்று கேட்டேன். மூன்று பரிசோதனைகளும் பாசிட்டிவாக உள்ள ஆன்டிபாஸ்போலிபிட் நோயாளிகளிடம் புது மருந்தான ரிவராக்சபானையும் வார்ஃபரினையும் ஒப்பிட்டு இத்தாலியில் ஓர் ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். புது மருந்து பெற்றவர்களிடம் ரத்தம் அதிகம் உறைந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். எனக்கும் மூன்றும் பாசிட்டிவ் என்பதால் பழைய மருந்தே.

கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்வதால், கீரையே சாப்பிடக் கூடாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். மருத்துவர் சொன்னது வேறு: முருங்கைக்கீரையும் கொத்தமல்லித் துவையலும் முட்டைக்கோஸும் வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் இருக்கட்டும், ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு ஒரு வாரம் தினமும் சாப்பிட்டால்தான் ஐ.என்.ஆர். தடுமாறும். மூட்டு வலிக்கும் பல் வலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளும், சேர்மானம் தெரியாத சூரணங்களும் அதைவிடப் பெரிய ஆபத்து. காய்ச்சல் வந்தால், குறிப்பாக டெங்கு பரவும் மாதங்களில், இந்த மாத்திரை சாப்பிடுவதை முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுகிறேன். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இறங்கும் காய்ச்சலில் இந்த மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. கண்ணில் ஊசி போடுவதற்காகப் பொதுவாக இதை நிறுத்துவதில்லை. அப்படி நிறுத்தச் சொன்னால், ரத்தவியல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே நிறுத்துவேன். லூபஸும் சேர்ந்துள்ளவர்கள் பெரும்பாலும் ஹைட்ராக்சிக்ளோரோகுயின் சாப்பிடுவார்கள். நல்ல மருந்து, ஆனால் பல ஆண்டுகள் சாப்பிட்டால் அதுவே விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடங்கும்போதும், ஐந்தாண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் கண் பரிசோதனை தேவை. ஏற்கெனவே மாக்குலா கெட்டிருக்கும் கண்ணில் அந்தப் பாதிப்பைப் பிரித்தறிவதும் கடினம்.

ஒரு கண் நன்றாக இருப்பவர் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இந்திய அரசின் அளவீட்டின்படி, ஒரு கண் இயல்பாக இருந்து மற்றொன்றில் பார்வை முழுதாகப் போயிருந்தாலும் 30 சதவீதம்தான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். ஆழம் கணிப்பது சில காலம் சிரமமாக இருக்கும். டம்ளருக்கு வெளியே காப்பியை ஊற்றுவதும், படியின் விளிம்பைத் தவறாகக் கணிப்பதும் மெல்லப் பழகிவிடும். மற்றொரு கண்ணைக் காப்பதற்குச் சான்றிதழும் உதவாது, அனுதாபமும் உதவாது, மாத்திரையும் ஐ.என்.ஆரும்தான்.

எங்களுக்குக் குழந்தை வேண்டும் என்ற ஆசை இன்னும் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு அது முடியாத காரியம் அன்று. வார்ஃபரின் வகை மாத்திரை கருவின் உறுப்புகள் உருவாகும் வாரங்களில் கேடு செய்யும் என்பதால், கரு உறுதியானதுமே அதை நிறுத்திவிட்டு, நஞ்சுக்கொடியைத் தாண்டாத ஹெப்பாரின் ஊசியைத் தினமும் போட்டுக்கொண்டு, குறைந்த அளவு ஆஸ்பிரினும் சாப்பிட வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் மருந்து தொடரும். இந்தச் சிகிச்சையோடு கர்ப்பத்தை நிறைவாக முடித்த பெண்கள் ஏராளம் என்கிறார் ரத்தவியல் மருத்துவர். மகப்பேறு மருத்துவரையும் அவரையும் ஒரே நாளில் பார்த்துத் திட்டத்தை எழுத்தில் வாங்கியிருக்கிறோம். விழித்திரை நிபுணர் அதில் இரண்டு வரிகள் சேர்த்தார்: கர்ப்பத்துக்கு முன் மாக்குலா வீக்கம் வடிந்து சில மாதங்கள் நிலையாக இருக்க வேண்டும், ஏனெனில் கர்ப்ப காலத்தில் அந்தக் கண் ஊசிகளைத் தவிர்க்கவே விரும்புவார்கள், வலது கண்ணில் எந்த மாற்றம் தெரிந்தாலும் அன்றே வர வேண்டும்.